பூ உதிர்ந்த பின் வந்த சினை

வடகரை, கல்லோடைக் கிளை
1986 மே 12

ஹாலிஸ் அண்ணனுக்கு டோர்கஸ் எழுதுவது.

இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. என் அடுக்களைச் சன்னலைத் திறந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் உங்கள் படகுத்துறை விளக்கு தெரிகிறது. துடுப்புப் போட்டால் அடுப்பில் ஏற்றிய அவரை வேகும்முன் வந்து சேர்ந்துவிடலாம். ஆனாலும் இந்தக் கடிதம் அஞ்சல் வண்டியில் ஏறி, மலையைச் சுற்றி, மாவட்டத் தலைநகருக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டுதான் உங்கள் கைக்கு வரும். இருக்கட்டும். நேரில் வந்தால் உங்கள் கையில் ஒலிபெருக்கி இருக்கும். தாளில் இருவருக்கும் ஒரே உயரம்.

நெல்டாவின் உணவுக்கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருப்பதைக் கண்டேன். ‘கார்வின் நினைவுத் தூண்டில் போட்டி, ஜூன் முதல் சனிக்கிழமை.’ உங்கள் மகனின் படமும் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவள் நான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

அண்ணா, இந்த ஆண்டு அந்த நாள் வேண்டாம்.

அணைக் கதவுகளைச் செப்பனிடுகிறோம் என்று குளிர்காலம் முழுவதும், இளவேனில் வந்த பின்னும், ஏரியை இறக்கியே வைத்திருந்தார்கள். பாஸ் மீன் முட்டையிடும் கரையோரமெல்லாம் வெடித்த சேறாகக் கிடந்தது. சென்ற கிழமைதான் நீர் ஏறிக் கரைப்புதர்களின் கால் நனைந்தது. அதுவும் மலையோடைகளின் குளிர்நீர். கைவிட்டால் விரல் மரக்கும். மீன்கள் ஆழத்தில் காத்திருக்கின்றன. வயிறு பருத்த பெண்மீன்கள் மாலையில் மேலே வந்து பார்க்கின்றன, திரும்பிப் போகின்றன. வீட்டுக்கு வெளியே நின்று கதவு திறக்கக் காத்திருப்பவரைப் போல் இருக்கிறது அவற்றின் நடமாட்டம். ஜூன் பிறந்த பின்புதான் அவை முட்டையிடக் குழி பறிக்கும் என்பது என் கணிப்பு.

சென்ற இரண்டு இளவேனில்களின் குஞ்சுகளைத் தேடிப் பார்த்தேன். கை நீள மீன் உண்டு. விரல் நீள மீன் இல்லை. இந்த ஆண்டின் குஞ்சுகளும் பிழைக்காவிட்டால் ஏரியின் இந்தக் கிளையில் கிழட்டு மீன்கள் மட்டும் மிஞ்சும். பிறகு அவையும் இல்லாமற்போகும்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தள்ளி வையுங்கள். அவ்வளவே கேட்கிறேன்.

டோர்கஸ்

*

தெற்குத் துறை
மே 17

தங்கை டோர்கசுக்கு,

உன் கடிதம் கண்டேன். இரண்டாண்டு ஊமையாய்க் கிடந்த உறவு வாய்திறந்ததே என்று மகிழ்ந்து உறையைக் கிழித்தேன். உள்ளே மீனின் நலம் இருந்தது, மீனின் நாள் இருந்தது, மீனின் வீடு இருந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை.

மூன்று கிழமையாம்! சொல்வதற்கு நாவுக்கு என்ன செலவு? ஜூன் முதல் சனிக்கிழமை என்பது நாட்காட்டியில் கண்ணை மூடி நான் விரல் வைத்த நாளா? என் மகன் பிறந்த நாள். மலைச்சாலை வளைவில் மரம் ஏற்றிய வண்டி அவனைக் கொண்டுபோன நாளை நான் எவர்க்கும் கொடுக்கமாட்டேன். அதை எனக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். பிறந்த நாளை மட்டும் இந்த ஏரிக்குக் கொடுத்தேன். காலையில் நான் கொடியை உயர்த்தும்போது படகுகள் எல்லாம் ஒருசேர உறுமுகின்றனவே, அந்த ஒரு நொடி, அந்த ஒரே நொடி, இந்த மாவட்டத்தில் கார்வின் என்னும் பெயர் உயிரோடு இருக்கிறது. அந்த நொடியைத் தள்ளிப் போடு என்கிறாய். அவன் என்ன மூன்று கிழமை கழித்தா பிறந்தான்?

நெல்டாவின் கடையில் உன் கருத்தை எடுத்துச் சொன்னேன், மறைக்கவில்லை. முட்டைப் பொரியலை மென்றபடி ரஃபஸ் கேட்டான்: “என்னண்ணே, உங்க தங்கச்சி இப்ப மீனுக்குப் பிரசவம் பாக்குறாங்களாமே?”

நெல்டா அவனை விடவில்லை. “நீ பொறந்தப்ப யாராவது ஒழுங்காப் பாத்திருந்தா நீ இப்டி ஆயிருக்க மாட்ட. தின்னுட்டுக் கெளம்பு.”

“அதுக்கில்ல நெல்டாக்கா. டாக்வுட் மரம் பூத்தா குழி பூக்கும், டாக்வுட் உதிர்ந்தா குழி தீரும். எங்க தாத்தன் காலத்துப் பேச்சு. பூ உதிர்ந்து ஒரு மாசம் ஆச்சு!”

ரஃபஸ் வாயாடி, ஆனால் இதில் அவன் சொன்னது ஊர் அறிந்த உண்மை. நானும் கண்ணால் கண்டேன். என் துறையைச் சுற்றியுள்ள குழிகள் அத்தனையும் வெறுமை. வேலை முடித்துவிட்டு மீன்கள் போய்விட்டன. பருவம் முடிந்தது, தங்கையே. முடியவில்லை என்று நீ சொல்வதால் முடிந்தது முடியாததாகிவிடாது.

மேலும் ஒன்று. எங்கள் போட்டியில் ஒரு மீன் சாவதில்லை. பிடிக்கிறோம், படகிலுள்ள நீர்த்தொட்டியில் காக்கிறோம், எடை பார்க்கிறோம், உயிரோடு ஏரியில் விடுகிறோம். வேறு எந்த ஏரியில் இந்த ஒழுங்கு உண்டு?

முதல் ஆண்டு எடைமேடைக்கு முன்னால் நின்று, ஊர் பார்க்க, “இது நெனவு நாளா, பலி குடுக்குற நாளா?” என்று கத்தியவள் நீ. ‘என் தங்கச்சி புருசன் போனப்புறம் மீனத்தான் கட்டிக்கிட்டா’ என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னதும் உண்மை. ஊர் சிரித்ததும் உண்மை. ஆனால் முதல் கல்லை எறிந்தது எந்தக் கை? அதையும் எண்ணிப் பார்.

நாள் மாறாது.

ஹாலிஸ்

*

வடகரை
மே 22

ஹாலிஸ் அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை என்பது குறை. ஒவ்வொரு மாலையும் உங்கள் துறை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பின்புதான் நான் சன்னலைச் சாத்துகிறேன். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் துறையைச் சுற்றிய குழிகள் வெறுமை என்கிறீர்கள். ஆம். உங்கள் துறை அணைக்கு அருகே; அங்கே ஆழம் மிகுதி. நீர் இறங்கியபோதும் அங்கே கரை நனைந்தே இருந்தது. அங்குள்ள மீன்கள் பூவோடு சேர்ந்து முட்டையிட்டன, முடித்தன. தன் வீட்டில் பந்தி முடிந்தது என்பதற்காக ஊரில் எவரும் இனிப் பசியோடு இல்லை என்று சொல்லலாமா? ஏரி ஒன்று; ஆனால் அதன் காலம் ஒன்றல்ல. வடக்கே கல்லோடைக் கிளையில் நேற்றுத்தான் முதல் ஆண்மீன் வாலால் சரளையைத் துடைக்கத் தொடங்கியது.

உயிரோடு விடுகிறோம் என்று மார்தட்டுகிறீர்களே, எங்கே விடுகிறீர்கள்? உங்கள் துறையில். அதன் வீடு எங்கே? ஏரியின் மறுகரையில். பெண்மீன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். பிறகு குழிக்கு ஆண்மீன்தான் எல்லாம். உண்ணாது, உறங்காது, வாலால் விசிறிக்கொண்டே இருக்கும். அதைத் தூண்டிலில் தூக்கிய அந்தக் கணமே முட்டை தின்னும் நீலச்செவுள் மீன்கள் சுற்றி நிற்கும். நீங்கள் எடைமேடையில் முதல் பெயரைப் படிக்கும்முன் குழி துடைத்த தட்டாகிவிடும். ஒருவனை வீட்டிலிருந்து தூக்கி, வீட்டைக் கொள்ளைக்குத் திறந்து போட்டுவிட்டு, மாலையில் அயலூர்ச் சந்தையில் இறக்கி, ‘உயிரோடுதானே விட்டேன்’ என்பது எந்த ஊர் அறம்?

அவன் மூன்று கிழமை கழித்தா பிறந்தான் என்று கேட்டீர்கள். ஆம் அண்ணா, மூன்று கிழமை கழித்துத்தான் பிறந்தான்.

மே நடுவில் என்றார் மருத்துவர். நீங்கள் தொட்டிலுக்கு நீலச் சாயம் பூசி முடித்தீர்கள். சாயம் காய்ந்தது, பிள்ளை வரவில்லை. “என்ன, இன்னும் ஆகலயா?” என்று கேட்காதவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அண்ணி வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே கேட்கிறது: “இவன் காலண்டரு பாக்குறவன் இல்ல டோர்கஸ். வர்றப்ப வருவான்.” ஜூன் முதல் சனிக்கிழமை வந்தான். பிந்திப் பிறந்தவன் பெயரில் நடக்கும் விழாவில், பிந்திப் பிறப்பவற்றுக்கு மட்டும் இடமில்லையா?

அண்ணி இறந்த பின் பள்ளிவிட்டதும் என் அடுக்களைக்குத்தான் அவன் வருவான். சோள ரொட்டியைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு என் சிறுதுறையின் பலகையில் குப்புறப் படுத்துக் குழிகளைப் பார்ப்பான். “அத்த, இது அப்பனா ஆத்தாளா?” என்றான் ஒருநாள். “அப்பன்” என்றேன். “அப்ப நம்ம அப்பா மாதிரி இல்ல, வீட்லயே இருக்காரு” என்று சிரித்தான். நீங்கள் அப்போது தேர்தல் மேடைகளில் ஊர் ஊராக இருந்தீர்கள். நான் குறையாகச் சொல்லவில்லை, அவனும் குறையாகச் சொல்லவில்லை. பெருமையோடுதான் சிரித்தான்.

நாளை மாற்றுங்கள்.

டோர்கஸ்

*

தெற்குத் துறை
மே 29

டோர்கஸ்,

என்ன துணிவு உனக்கு!

உன் கடிதம் வந்த அன்று நான் உறங்கவில்லை. தொட்டிலின் சாயம் வரை நீ சொன்னாய், நான் மறுக்கவில்லை. தூண்டில் கழகத்தைக் கூட்டினேன். நாளை மாற்றலாமா என்று என் வாயால், ஆம், என் வாயாலேயே கேட்கத் தொடங்கினேன். நான் முதல் சொல்லை எடுத்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு ரஃபஸ் வந்தான். வாயில் துணி, துணியில் குருதி. பயிற்சிக்குப் படகை ஓட்டிக்கொண்டு கல்லோடைக் கிளைக்குள் நுழைந்திருக்கிறான். கிளையின் வாயில், கரைக்குக் கரை, நீர்மட்டத்துக்குக் கீழே கயிறு! படகு துள்ளி நின்றது. அவன் முகம் சுக்கான் சக்கரத்தில் மோதியது. முன்பல் ஒன்று ஏரியில் இருக்கிறது.

யார் கட்டிய கயிறு என்று எவரும் கேட்கவில்லை. அந்த முடிச்சை நம் தந்தை நம் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்.

மாவட்டக் காவல்தலைவரான ஷெரிஃபின் ஆள் எல்பர்ட் உன் வீட்டுக்கு வந்தானாமே. வந்தவன் என்னிடம் சொன்னான்: “அண்ணே, ‘கயிறு கட்டுனது நீங்களாம்மா’ன்னு கேட்டேன். ‘நான்தான், இன்னொன்னும் இருக்கு, குடுக்கட்டுமா’ங்குறாங்க. நான் என்னத்த எழுதிக்க?” நான் கேட்டுக்கொண்டதால் அவன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இதை நன்றிக்காகச் சொல்லவில்லை.

மீனுக்காக மனிதனின் கழுத்தை அறுக்கத் துணிந்தவள் எனக்கு அறம் சொல்லாதே. உன் பக்கம் சாயவிருந்த கூட்டம் அந்தக் குருதியைக் கண்டதும் கல்லாயிற்று. எடுத்த பேச்சை நான் அங்கேயே விட்டேன். ஒரு சொல்லால் வென்றிருக்க வேண்டியதை ஒரு கயிற்றால் நீயே தோற்றாய்.

கயிற்றை நானே போய் அறுத்தேன். ஜூன் ஏழாம் நாள், காலையில், கொடி உயரும்.

ஹாலிஸ்

*

வடகரை
ஜூன் 2

ஹாலிஸ் அண்ணனுக்கு,

ரஃபஸின் பல்லுக்கு வருந்துகிறேன். ஒரு பானைப் பழக்குழம்பும் என் வருத்தமும் அவன் வீட்டுக்குப் போய்விட்டன. கயிற்றுக்கு வருந்தவில்லை. படகுகளுக்கு எச்சரிக்கையாக அதில் வெண்புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டிருந்தேன்; அவற்றை அறுத்துக்கொண்டு போனவர் யார் என்று எல்பர்ட் கேட்கவே இல்லை.

நீங்கள் கூட்டத்தில் எனக்காக வாய் திறக்கத் தொடங்கினீர்கள் என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன். அதற்குமுன் அந்தக் கயிறு போட்டேனே என்று என்மேலேயே எனக்குக் கசப்பு. அது என்னோடு இருக்கட்டும்.

குழிகள் வந்துவிட்டன. என் சன்னலுக்கு நேரே, சிறுதுறைக்கு அருகே ஒன்று. அதன் காவலுக்கு வால்நுனி கிழிந்த ஓர் ஆண். நேற்று ஒரு நீர்ப்பாம்பை அவன் துரத்தியதைப் பார்த்தேன். தன்னைப்போல் மூன்று மடங்கு நீளம். அது திரும்பிப் பாராமல் ஓடியது. கிளை முழுவதும் இப்படி நிற்கிறார்கள். இன்னும் சினை இறங்காத பெண்மீன்கள் அப்பால் ஆழத்தில் முறைக்குக் காத்திருக்கின்றன.

சனிக்கிழமை நான் கத்தமாட்டேன். படகில் வந்து மறிக்கமாட்டேன். விடிந்ததும் சன்னலுக்கு முன் நாற்காலியைப் போட்டு உட்கார்வேன். எந்தப் படகு எங்கே நிற்கிறது, எவன் எந்தக் குழியிலிருந்து எதைத் தூக்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பதற்கு எவர் தடை போட முடியும்?

டோர்கஸ்

*

தெற்குத் துறை
ஜூன் 9

தங்கை டோர்கசுக்கு,

சனிக்கிழமை மாலை முழுவதும் உன் சிறுதுறையில் உனக்கு ஒரு கை நீளத் தொலைவில் நான் நின்றேன். படகுகளுக்கெல்லாம் பேசினாய். எனக்கு ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆகவே வாயால் சொல்லாததை மீண்டும் இந்தத் தாளால் சொல்கிறேன். உன் கரைக்கு நான் வரும்முன் என் கரையில் நடந்ததை நீ அறியமாட்டாய்.

கொடியை உயர்த்தினேன். படகுகள் உறுமின. கார்வினின் பெயரைச் சொன்னேன். மதியம் கடந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பின. எடைமேடை நிறைந்தது. முதலில் வந்த நான்கைந்து பேரின் மீனை எடைபார்த்து என் துறையிலேயே விட்டும்விட்டோம். பிறகு ரஃபஸ் ஏறினான். பல்லில்லாத சிரிப்பு. நீர் நிறைத்த பையிலிருந்து அவன் எடுத்த மீனைக் கண்டு கூட்டம் மூச்சை இழுத்தது. பத்தாண்டில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

வழக்கம் உனக்குத் தெரியும். நாளின் பெருமீனைக் கார்வினின் பெயரால் நானே இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். தூக்கினேன். என் உள்ளங்கை அதன் வயிற்றைத் தாங்கியது. அழுத்தவில்லை, டோர்கஸ், உண்மையாகவே அழுத்தவில்லை. ஏதோ வழவழப்பாக மணிக்கட்டில் இறங்கியது. கடுகு மணிபோல், மஞ்சளாய், ஓயாமல். முழங்கை வரை வழிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அவனுக்காக நான் அணியும் வெள்ளைச் சட்டையின் கைக்குள் புகுந்தது.

“ஐயய்யோ, அது நெறசென!” என்றாள் நெல்டா.

ரஃபஸ் சொன்னான்: “ஒன்னு ரெண்டு அப்டித்தான்ண்ணே இருக்கும். சட்டுனு எடையப் போடுங்க, முட்டை ஒழுகுனா என் எடை கொறையுதுல்ல!”

சிரித்தார்கள். அன்று உன்னை நோக்கி எழுந்ததே, அதே சிரிப்பு. அதை எழுப்பியவன் நான். அதன் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று சனிக்கிழமைதான் அறிந்தேன். மீனைத் தொட்டியில் விட்டேன். அடுத்தவன் பையைத் திறக்கச் சொன்னேன். ஆண்மீன்கள். ஒவ்வொன்றின் வாலடியும் குழி துடைத்துச் சிவந்து தேய்ந்திருந்தது. அடுத்த பை, அதிலும் அப்படியே. நீ எழுதியவை என் கண் முன்னே வரிசையில் நின்றன.

ஒலிபெருக்கியை எடுத்தேன். “எடை நிறுத்தம். பரிசு இல்லை. எந்த மீன் எந்த இடத்தில் பிடிபட்டதோ அந்த இடத்துக்கே இப்போதே திரும்ப வேண்டும். இடத்தைச் சொல்லுங்கள்” என்றேன்.

தூண்டில்காரனிடம் அவன் மனைவியின் வயதைக் கேட்கலாம், வாக்கு யாருக்கு என்று கேட்கலாம்; மீன் பிடித்த இடத்தைக் கேட்கலாமா? கேட்டேன்.

“ரஃபஸ், எங்க புடிச்ச?”

“தண்ணியிலதான்ண்ணே.”

“வெளையாடாத. எந்த எடம்?”

“அணை ஓரம்.”

அடுத்தவன்: “அணை ஓரம்.” அதற்கு அடுத்தவன், தலையைச் சொறிந்துகொண்டு: “நானும் அணை ஓரந்தான்.”

“ஏண்டா, அத்தன பேரும் அணை ஓரத்துல நின்னிருந்தா அணையே கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதே!” என்று கத்தினேன். ஒருவனும் அசையவில்லை. தந்தை மகனுக்கும் சொல்லாத இடங்கள் அவை. பொய் சொன்ன இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன, என் துறையில் விட்டால் என்ன? வாழ்நாளெல்லாம் சொல்லால் மலையைப் புரட்டினேன் என்று இறுமாந்திருந்தேன். ஓர் உண்மையைப் பெயர்க்க என் சொல்லால் முடியவில்லை.

நெல்டா கரண்டியோடு மேடையருகே வந்தாள். “உங்க தங்கச்சி விடிஞ்சதுலேர்ந்து சன்னல்லதான உக்காந்திருக்கா? எந்தப் படகு எங்க நின்னுதுன்னு அவளுக்குத் தெரியாதா? இவனுங்களப் போய்க் கேட்டுக்கிட்டு!”

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன். படகில் ஏறினேன். “வர்றவன் வா” என்றேன். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் மீனை என் துறையிலேயே கொட்டிவிட்டு, என் முகத்துக்கு நேரே ஏசிவிட்டு வண்டியேறினார்கள்.

பிறகு நடந்தது நீ அறிந்தது. மாவு ஒட்டிய கையை நீட்டி, “செவப்புப் படகு, வெள்ள மரத்துக்கு அடியில. பச்சத் தொப்பி, ஓட வாய்க்குள்ள ஒளிஞ்சிருந்தியே, அங்க போ” என்று நீ ஒவ்வொருவனையும் தோலுரித்தாய். “அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கக்கா, நாலு பேருக்குக் கேக்குது” என்று ரஃபஸ் கெஞ்சினானே. “பல்லு போனவனே, என் சன்னலுக்கு நேரா நின்னுக்கிட்டு மூஞ்சியத் தொப்பியால மூடினா எனக்குத் தெரியாதா? அந்தப் பொம்பள மீனும் வால் கிழிஞ்சவனும் இந்த எடம். எறக்கு!” என்றாய். அதை நினைத்து வீட்டில் தனியே சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

கழகத்தில் என்னைத் தலைமையிலிருந்து நீக்கிவிட்டார்கள். துறைக்குப் படகுகள் வருவது குறைந்திருக்கிறது. அது வேறு.

எனக்கு இரண்டு விடை வேண்டும். எத்தனை குழி பிழைத்தன? ஆறுதல் வேண்டாம், உண்மை வேண்டும். இனி அவனுக்கு நான் எந்த நாளில் கொடி உயர்த்துவது?

ஹாலிஸ்

*

வடகரை
ஜூன் 14

அண்ணா,

உண்மை கேட்டீர்கள்.

நம் படகுகள் திரும்பிச் சேரும்போது பெரும்பாலான குழிகளில் ஒன்றும் இல்லை. சரளை துடைத்துவிட்டதுபோல் வெளுத்துக் கிடந்தது. உங்கள் துறையில் கொட்டப்பட்ட மீன்கள் எதுவும் இதுவரை இந்தக் கிளைக்குத் திரும்பியதாக நான் காணவில்லை. ஓடை வாயில் ஒரு குழி, வெள்ளை மரத்தடியில் ஒரு குழி: இவை இரண்டும் தப்பின. வெள்ளை மரத்தடியில் நேற்றுக் குஞ்சுகள் எழுந்தன. கரும்புகைபோல் ஒரு சிறு திரள்; அப்பன் அசைந்தால் புகை அசைகிறது. ரஃபஸின் பெருமீன் மீதியிருந்த சினையை எங்கேனும் இறக்கியதா என்று தெரியவில்லை. ஆழத்துக்குப் போனவள் மேலே வரவில்லை. ஏரிக்கு இந்த ஆண்டு இவ்வளவுதான். போதுமா என்று மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

அன்று உங்களோடு பேசாமலிருந்தது சினத்தால் அல்ல. உங்கள் சட்டைக் கையில் அந்த மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்திருந்தால் நான் கைகாட்ட முடிந்திராது, மீன்கள் செத்திருக்கும்.

கொடிக்கு நாள் கேட்டீர்கள். என்னிடம் நாள் இல்லை. எந்தப் பூவிடமும் இல்லை. ஆண்டுதோறும் வந்து, பலகையில் குப்புறப் படுத்து, குழிகளைப் பார்த்துவிட்டு, குஞ்சும் அப்பனும் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்று கண்ட பின் உயர்த்துங்கள். அவன் பிறந்த நாளில் கொடி வேண்டாம். அன்று இங்கே வாருங்கள். சோள ரொட்டி சுடுகிறேன். அவன் கதையை நான் கொஞ்சம் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு, கோயில் வழிபாடு முடிந்ததும் புறப்படலாம். துடுப்புப் படகில் வாருங்கள், இயந்திரப் படகு வேண்டாம். என் சிறுதுறைக்கு நேராக வராமல் மேற்கே சுற்றி, புதருக்குப் பின்னால் இறங்குங்கள். வால் கிழிந்தவன் நாம் விட்ட இடத்துக்கே திரும்பிவிட்டான். அவன் குழியில் ஒரு முட்டையும் இல்லை. நான் அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அமிழ்த்தி, நன்றாகப் பார்த்துவிட்டேன். ஆனாலும் நிற்கிறான். விசிறுகிறான். நீலச்செவுள்கள் வந்தால் பாய்கிறான்.

அவனைக் கலைக்காமல் வாருங்கள்.

டோர்கஸ்